வயிற்றுக்குத்து என்று சொன்ன பிள்ளை

சேசு மரி சூசை துணை

வில்லரே, மொன்றியல்
18 நவம்பர், திங்கள்

என் அன்பு மகள் றொஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகன் டெனிஸ்டனும் அந்த வைற்ஹோர்ஸ் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று நேற்றுப் பூசையிலும் கேட்டுக்கொண்டேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்காதே, பனி விழ இரண்டு நாள் இருக்கும்போதே அது அறிவித்தல் கொடுத்துவிடுகிறது, வானொலி கேட்கத் தேவையில்லை. தம்பி றஜிந்தன் போன ஞாயிறு கர்க்லாண்டிலிருந்து வந்து காருக்குப் பனி ரயர் மாற்றித் தந்துவிட்டுப் போனான். வேலை முடிந்து ஒரு வருசமாகிவிட்டது, ஆனாலும் காலை நாலரைக்கு ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகவேண்டும் என்று கண் திறந்துவிடுகிறது, திறந்த கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் வட்சப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பா ஏன் பேப்பரும் பேனையும் எடுத்திருக்கிறார் என்று நீ யோசிப்பாய். கதைக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறா. இது அம்மாவுக்கும் சொல்லாதது. முப்பது வருசத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாதது. ஆறுதலாக இருந்து வாசி.

செப்டெம்பரில் நீ உன் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிய பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். நான் எடுக்கிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பதினேழு பிள்ளைகள், ஒரே வயது, ஆனால் ஒன்று கடகடவென்று வாசிக்கும், ஒன்றுக்கு அ எழுதவே மூச்சு வாங்கும், எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்து மண்டை காய்கிறேன் என்று நான் முறையிட்டதற்காகத்தானே அனுப்பினாய். ஒரே கதையை மூன்று விதமாக எழுதி மூன்று நிற உறைகளில் போட்டிருந்தாய். பனி அள்ளுகிற வண்டியின் கதை. சிவப்பு உறையில் படமும் நாலைந்து சொல்லும், மஞ்சளில் சின்னச் சின்ன வசனங்கள், பச்சையில் முழுக்கதையும் கேள்விகளும். தடவிப் பார்க்க உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள், பிள்ளைகள் எழுதித் தூக்கிக் காட்டச் சின்ன வெள்ளைப் பலகைகள். எல்லாவற்றுக்கும் அடியில், நடுவே நீளமாக ஒரு யன்னல் வெட்டிய மட்டை. வாசிக்கும் வரியின்மேல் அதை வைத்தால் அந்த ஒரு வரி மட்டும் தெரியும், வரி தாவுகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று உன் குறிப்பில் இருந்தது. அந்த மட்டையைக் கையில் எடுத்தவன் திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் குறிப்பில் இன்னொன்றும் எழுதியிருந்தாய், நிறத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் அப்பா, அன்றைய பாடத்துக்குக் கொடுங்கள், ஒவ்வொரு கிழமையும் மாறவேண்டும், யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று. நான் அதை வாசித்துவிட்டுச் சிரித்தேன். நேற்றுப் படித்து வந்த பிள்ளை எனக்குப் படிப்பிக்கிறாள் என்ற ஒரு எண்ணம். பிறகு நான் செய்த வேலையைக் கேள். பிறிஸ்டல் போட் என்கிற பெரிய தடித்த தாள் வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிரல் கீறி, பதினேழு பிள்ளைகளின் பெயரையும் என் முத்து எழுத்தில் எழுதிக் கோயில் நிலவறை மண்டபத்தில் ஜக்கெற் கொழுவுகிற இடத்துக்கு மேலே ஒட்டினேன். எங்கள் ஊரில் எந்தச் சோதனை முடிந்தாலும் பெறுபேறு சுவரில்தானே ஏறும். பிள்ளைகளை ஏற்றிப்போக வந்த தாய் தகப்பன்மாரும் அதே ஊரிலிருந்து வந்தவர்கள்தான், ஒருவரும் இது என்ன என்று கேட்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தங்கள் பிள்ளை எந்த நிரலில் என்றுதான் தேடினார்கள். சிவப்பில் நாலு பேர். அதில் ஒருத்தி லக்சனா, எட்டு வயது. பிரெஞ்சில் மழை மாதிரிப் பேசுவாள், கணக்கில் கெட்டிக்காரி, தமிழ் எழுத்தை வரிசையில் பார்த்தால் மட்டும் அவளுக்கு எல்லாம் ஒன்றுமேல் ஒன்று ஏறிவிடும். அடுத்த சனிக்கிழமை அவள் தன் தங்கைக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது, நீ பச்சையாக வருவாய், நான் சிவப்பு என்று. அப்போதும் நான் அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றவில்லை.

இனித்தான் சொல்லவேண்டியது. நீ தவழத் தொடங்கிய காலம், நான் மன்னாரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை வாங்குப் பலகைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள், கடைசி வாங்கில் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருத்தி அஜிதா, ஒன்பது வயது. நீ கேள்விப்பட்ட பெயர்தான், இங்கே எங்களுக்குச் சட்டை தைத்துத் தருகிற பிலோமினம்மாவின் மகள். அவளுக்கும் எழுத்து வரிசையில் நிற்காது. ஒருநாள் பார்க்கிறேன், சவர்க்காரப் பெட்டி மட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வரிக்கு மேலும் மற்றதைக் கீழும் வைத்து, நடுவில் தெரிகிற ஒரு வரியை மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, எழுத்தை ஏன் மூடுகிறாய், விளையாடுகிறாயா என்று கையில் ஒரு அடி போட்டு, மட்டை இரண்டையும் பிடுங்கி யன்னலால் எறிந்தேன். நீ அனுப்பிய மட்டையைப் பார்த்ததும் பெட்டியை மூடியது அதனால்தான். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், படித்தவர்கள் செய்கிறார்கள். அந்தப் பிள்ளை அடி வாங்கினாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்று எழுதமாட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை கல்வி அதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. அப்படியான நாள்களில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், எல்லா வாத்திமாருக்கும் தெரியும். வாசிக்கமாட்டாத பிள்ளைகளை அன்றைக்கு நிற்பாட்டிவிடுவோம். அதிகாரி யாரை எழுப்பினாலும் வகுப்பு பிசகில்லாமல் வாசிக்கவேண்டும் அல்லவா. திங்கட்கிழமை பள்ளி விடும்போது கடைசி வாங்கைக் கூப்பிட்டு, நாளைக்கு நீங்கள் ஐந்து பேரும் வரவேண்டாம், வீட்டில் இருங்கோ என்று சொன்னேன். நாலு பேருக்குச் சந்தோசம், ஒரு நாள் லீவு. அஜிதா மட்டும் ஓம் சேர் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. செவ்வாய் காலை பத்து மணியிருக்கும், கடற்கரைப் பக்கம் செல்குண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஓடுகூட விழவில்லை. கரையோரம் மூன்று வீடு போனது. அதில் ஒன்று பிலோமினம்மாவின் வீடு. அவ கிணற்றடியில் நின்றபடியால் தப்பினா, பிள்ளை உள்ளே. நான் காலையிலேயே அஜிதாவின் பெயருக்கு நேரே வரவில்லை என்று பூச்சியம் போட்டிருந்தேன். கல்வி அதிகாரி அன்றைக்கு வரவே இல்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். பிலோமினம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வயித்துக்குத்து எண்டு சொன்னவள் மாஸ்டர், நான்தான் இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டாம் எண்டு மறிச்சனான், அனுப்பியிருந்தால் என்ரை பிள்ளை இருந்திருக்கும் என்று அழுதா. எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாத்தியார் என்னை வரவேண்டாம் என்றார் என்று தாய்க்குச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வெட்கம். வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லி எனக்கும் சேர்த்து மறைத்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் சொன்னது, எல்லாம் கடவுள் சித்தம் பிலோமினம்மா என்று. இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு எல்லாரும் வெளிக்கிட்டு, சிதறி, நாங்கள் இங்கே வந்து, அவவும் மூத்த மகன் கூப்பிட்டெடுத்து இங்கேயே வந்து சேர்ந்தா. உலகத்தில் எத்தனை நகரம் இருக்கிறது, அவவுக்கு எங்களிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு அமைந்தது. உன் முதல் நன்மைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை தைத்தது அவதான், நினைவிருக்கும். உன்னை நிறுத்தி நாடாவால் தோள் அளக்கும்போது, என்ரை அஜிதாவுக்கும் இந்தத் தோள்தான் என்று சொன்னா. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். சனிக்கிழமைகளில் இடாப்புக் கூப்பிடும்போது அகர வரிசையில் தொடக்கத்திலேயே ஒரு பெயர் நாக்குக்கு வந்துவிடும், அதை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவேன். ஆனால் நவம்பரில் விழுங்க முடியாது. மரித்தோர் மாதம், வீட்டுக்கு வீடு தங்கள் ஆத்துமாக்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள், மாஸ்டரின் குரல்தான் தெளிவு என்று பட்டியல் வாசிக்க என்னைத்தான் விடுவார்கள். ஒவ்வொரு வருசமும் பிலோமினம்மா எழுதித் தருகிற துண்டில் ஒரே ஒரு பெயர். ஒவ்வொரு வருசமும் நான் அதை உரத்து, தெளிவாக வாசித்திருக்கிறேன், அவ முன் வரிசையிலிருந்து எனக்குத் தலையசைத்து நன்றி சொல்லுவா. ஆவி, பேய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை மகள், உனக்குத் தெரியும். ஆனால் உன் பெட்டி வந்த நாளிலிருந்து, பிள்ளைகள் குனிந்து வாசிக்கும்போது நான் எண்ணினால் பதினெட்டு வருகிறது. திரும்ப எண்ணினால் பதினேழு. மூன்று சனிக்கிழமை இப்படி.

இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டிருந்த மனிசன் பிறகு செய்ததுதான் உனக்கு விளங்காது, எனக்கும் விளங்கவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் வகுப்புப் பொறுப்பாளர் கிறகரி அண்ணை வந்து, ரொறன்ரோவிலிருந்து தமிழ்ச் சோதனை நடத்துகிறவர்கள் இரண்டு பேர் ஒன்பதாம் திகதி எங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள், பிடித்துக்கொண்டால் அடுத்த வருசம் இங்கேயே சோதனை நடத்தலாம் என்றார். சுவரில் இருந்த என் பட்டியலைப் பார்த்துவிட்டு, மாஸ்டர், இந்தச் சிவப்புப் பிள்ளையள் நாலு பேரையும் அண்டைக்கு மட்டும் வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுவம், ஒரு கிழமைதானே என்றார். அவரும் ஊரில் படிப்பித்தவர். எனக்கு நெஞ்சில் ஒன்றும் இடிக்கவில்லை றொஷினி. வாய் தானாக ஓம் அண்ணை என்றது. அன்று வகுப்பு முடிய நாலு பேரையும் கூப்பிட்டு, அடுத்த கிழமை உங்களுக்கு லீவு என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லக்சனாவின் தாய் கோல் எடுத்தா. மாஸ்டர், நாளைக்கு லக்சனா வரமாட்டாள், வயித்துக்குத்தாம், படுத்திருக்கிறாள் என்றா. நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா ஓடி வந்து, சீனி குறைந்துவிட்டதாக்கும் என்று என் விரலில் ஊசி குத்திப் பார்த்தா, சீனியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு நானே அந்தத் தாய்க்குத் திரும்பக் கோல் எடுத்துச் சொன்னேன், பிள்ளைக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன், அதை உங்களுக்குச் சொல்ல வெட்கத்தில் வயிற்றுக்குத்து என்கிறாள், தயவுசெய்து நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. அவ, நீங்களோ அப்பிடிச் சொன்னனீங்கள் மாஸ்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டா. மற்ற மூன்று வீட்டுக்கும் நானே எடுத்துச் சொன்னேன். சனிக்கிழமை நாலு பேரும் வந்தார்கள், லக்சனாவின் தாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்காதது நியாயம். பிறிஸ்டல் போட்டைக் கழற்றி மடித்துக் குப்பைக்குள் வைத்தேன். கிறகரி அண்ணை, ஒரு சொல் முந்திச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர் என்று குறைப்பட்டார், இன்னும் முகம் சரியில்லை. அன்றைக்குப் பாடம் கதையை வாயால் சொல்வது, அதனால் லக்சனாவுக்குப் பச்சை உறை போனது, முன்பு பச்சையில் இருந்த இரண்டு பேருக்கு வாய் திறக்க வராது என்று எனக்கு அன்றுதான் தெரியும், அவர்களுக்குப் படம் போட்ட சிவப்பு. நீ எழுதியதுபோல்தான், கொஞ்சம் பிந்திவிட்டது. வந்தவர்கள் ஒரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லவில்லை. றோல்ஸ் சாப்பிட்டு, கார் விட இடமில்லாமல் மூன்று தரம் சுற்றியதைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நேற்று மரித்தோர் பட்டியல் வாசிக்கிற ஞாயிறு. பிலோமினம்மாவின் துண்டு வந்தபோது அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். சாமியார் திரும்பிப் பார்த்தார். மிச்சத்தை ஒருவழியாக வாசித்து முடித்தேன். பூசைக்குப் பிறகு கீழே தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் அவவைச் சுவரோரமாக இருந்த கதிரைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி வருகை, கடைசி வாங்கு, நான் சொன்னது, அவள் ஓம் சேர் என்றது, இடாப்பு, ஒன்றையும் விடவில்லை. நீங்கள் மறிச்சதால் இல்லை அம்மா, நான் வரவேண்டாம் என்றதால்தான், முப்பது வருசமாக உங்கள் தலையில் கிடந்தது என்னுடைய பாரம் என்றேன். அவ கத்துவா, கன்னத்தில் அறைவா, எல்லாரும் பார்க்கச் சபிப்பா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் செய்யவேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. அவ கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தா. பிறகு, அப்ப அவளுக்கு வயித்துக்குத்து இல்லையோ மாஸ்டர் என்று கேட்டா. இல்லை என்றேன். அவ மெல்லச் சொன்னா, அண்டைக்குக் காலமை புட்டுத் தாங்கோ அம்மா எண்டு ரெண்டு தரம் கேட்டவள், வயித்துக்குத்தோட சாப்பிடக் கூடாது எண்டு நான் குடுக்கேல்லை, ஓமத்தண்ணி மட்டும்தான் பருக்கினனான், அப்ப பிள்ளைக்குப் பசிச்சிருக்கும் என்ன. பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, நேரம் போகுது மாஸ்டர், நீங்கள் போங்கோ என்றா.

அவவின் பாரத்தை இறக்கப்போனேன் என்று நினைத்தேன். இறக்கியது என்னுடையதை மட்டும்தான், அதையும் அவவின் மடியில். சொன்னது சரியா, இன்னும் நாலு வருசம் வாயை மூடிக்கொண்டு செத்திருக்கலாமா என்று தெரியவில்லை. உன் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து, அப்பாவைப் பார்த்துத்தான் நான் ரீச்சர் ஆனேன் என்று சொன்னாயே, அந்தச் சொல்லை நான் இத்தனை வருசம் களவெடுத்த பொருள் மாதிரி வைத்திருக்கிறேன். அதை நீ திருப்பி எடுக்கவேண்டுமென்றால் எடு, அப்பா கோபிக்கமாட்டேன். அம்மாவுக்கு நானே சொல்லுவேன், அதுவரை கோல் எடுக்கும்போது இதைப் பற்றிக் கேட்காதே, கடிதமாக எழுது. இந்தச் சனிக்கிழமையும் வகுப்பு இருக்கிறது, போவேன். போகாமல் விட்டால் அந்த நாலு பிள்ளைகளும் தங்களால்தான் என்று நினைப்பார்கள்.

கடவுள் உன்னையும் மருமகனையும் உன் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். காரை வெளிக்கிடுத்துவதற்கு முன் சூடாக்கு, தொப்பி போடாமல் திரியாதே. நீயும் காலமையில் வெறும் கோப்பியோடு பள்ளிக்கூடம் ஓடாதே. உன்னிடம் ஒரு பிள்ளை வந்து வயிறு வலிக்கிறது என்று சொன்னால் ஏன், எதற்கு என்று பிறகு விசாரிக்கலாம், முதலில் சாப்பிட்டாயா என்று கேள்.

உன் அப்பா
ம. சவிரிமுத்து